ஒரே வரிசையில் நான்கு சக்கரம்

பத்தொன்பது வயதில் அந்தத் திடலிலேயே மூத்தவள் நான்தான். பாளையங்கோட்டையில் சிமெண்டுத் தளம் போட்ட சின்ன ஸ்கேட்டிங் திடல் அது. சனி, ஞாயிறு காலைகளில் பயிற்சி நடக்கும். வருகிறவர்கள் எல்லாம் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள். என்னோடு சேர்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்த பெண்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். நிற்கப்போகிறேன் என்று யாரும் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. ஒரு வாரம் வரமாட்டாள், அடுத்த வாரமும் வரமாட்டாள். பிறகு என்றாவது டவுன் பஸ்ஸில் தாவணி கட்டிக்கொண்டு நிற்பாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள், அவ்வளவுதான்.

நான் நிற்காததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அண்ணன் வேலைக்குப் பம்பாய் போய்விட்டான். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா வீட்டுக்கு வந்தாலும் வழக்குக் கட்டுகளில்தான் தலையைப் புதைத்துக்கொண்டு இருப்பார். கல்லூரியில் பி.காம். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இருந்தார்கள், தோழி என்று ஒருத்தி இல்லை. வாரத்தில் இரண்டு காலைகள் சக்கரத்தின் மேல் நிற்கும்போது மட்டும் தனியாக இருக்கிறோம் என்பது மனதில் உறைக்காது. எல்லோரும் தனித்தனியாகத்தானே ஓட்டுகிறார்கள்.

திடலுக்கு ஓரத்தில் ஒரு ரேம்ப் இருந்தது. எங்கள் பயிற்சியாளர் சார் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, ஆசாரி ஒருவரை வைத்துச் செய்வித்தது. எதிரும் புதிருமாக இரண்டு வளைவுகள், நடுவில் கொஞ்சம் சமதளம், எல்லாம் ஒட்டுப்பலகை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளைகள் அதைத் 'தொட்டில்' என்பார்கள். ஒரு பக்கம் ஏறி, இறங்கி, மறுபக்கம் ஏறி, அப்படியே ஆடிக்கொண்டே இருக்கலாம். வளைவின் அடியில் முழங்காலை மடக்க வேண்டும், ஏறும்போது நிமிர வேண்டும். அந்த மடக்கலிலும் நிமிர்தலிலும்தான் வேகம் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அதில் பயம். அதனால் பெரும்பாலும் அது எனக்கே கிடைத்தது.

என்னிடம் இருந்தது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வழக்கமான ஸ்கேட். அப்போது எல்லோரிடமும் அதுதான். விரலுக்கு அடியில் ரப்பர் கட்டை ஒன்று இருக்கும், அதுதான் பிரேக். நிற்க வேண்டுமென்றால் பாதத்தின் முன்பக்கத்தைத் தரையில் அழுத்த வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். கறுப்புப் பர்தா, தோளில் பெரிய பை. சாரிடம் ஏதோ கடிதம் கொடுத்தாள். பக்கத்திலுள்ள வேறொரு பெண்கள் கல்லூரியில் முதல் வருஷம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், ஊர் காயல்பட்டினம். வாப்பாவைச் சம்மதிக்க வைக்கவே ஒரு வருஷம் ஆயிற்றாம், அதனால் முதல் வருஷமானாலும் அவளுக்கும் என் வயதுதான். ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று வார்டன் உத்தரவு. பர்தாவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தலையில் துணியை ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு, பையைத் திறந்தாள். பிள்ளைகள் எல்லோரும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

அவளுடைய ஸ்கேட்டில் நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் இருந்தன.

"இதுல எப்படி நிக்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

"நிக்க முடியாது. ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றாள் அவள்.

துபாயில் இருந்த அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. அளவுக்காக இவள் வெள்ளைத் தாளில் தன் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்து கடிதத்தோடு அனுப்பியிருக்கிறாள். அது வந்த பிறகு வீட்டு மொட்டை மாடியில், ஆள் உயரக் கைப்பிடிச் சுவருக்குள், தானாகவே ஓட்டிப் பழகியிருக்கிறாள். மாடியின் நீளம் முப்பது அடி. ஆகவே அவளுக்கு முப்பது அடி நேராக ஓடவும், சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நிற்கவும் மட்டுமே தெரியும். திரும்பத் தெரியாது. முதல் நாள் எங்கள் திடலில் சுவர் இல்லாததால் அவள் புல்லில் போய் விழுந்தாள்.

நான்தான் கைகொடுத்துத் தூக்கினேன். "ஏட்டி, அடி பட்டுச்சா?" என்று கேட்டேன். முன்பின் தெரியாதவளை ஏட்டி என்று கூப்பிட்டுவிட்டது பிறகுதான் உறைத்தது.

"இல்ல. சுவரு எங்க போச்சுன்னு பாக்கேன்" என்றாள்.

நான் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தத் திடலில் சத்தமாகச் சிரித்தேன்.

மூன்றாவது வாரம், என் காலையும் அவள் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இருவருக்கும் ஆறாம் நம்பர். "மாத்திப் போட்டுப் பாப்பமா?" என்று அவள்தான் கேட்டாள். அவளுடையதை நான் மாட்டிக்கொண்டேன். ரேம்பில் பல வருஷம் ஆடியவள் என்கிற தைரியம். ஒரு பக்கம் ஏறினேன். நன்றாகத்தான் இருந்தது. என் ஸ்கேட்டைவிட வேகமாகவும் சத்தமில்லாமலும் போயிற்று. இறங்கி வரும்போது வேகம் கூடிவிட்டது. பயத்தில் பழக்கப்படி விரலை அழுத்தினேன். அங்கே பிரேக் இல்லை. அந்த வகையில் பிரேக் குதிகாலில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்னால் பாய்ந்து, பலகையில் தாடை பட விழுந்தேன்.

அதே நேரம் என் ஸ்கேட்டைப் போட்டுக்கொண்டு தளத்தில் போய்க்கொண்டிருந்தவள், என் சத்தம் கேட்டு நிற்க வேண்டும் என்று, அந்த இரண்டு வாரத்தில் பழகியபடி, பாதத்தைத் தூக்கிக் குதிகாலை அழுத்தியிருக்கிறாள். அங்கேயும் பிரேக் இல்லை. அவள் பின்பக்கமாக விழுந்தாள். ரத்தம் வழிகிற தாடையைப் பொத்திக்கொண்டு நான் இங்கே, உட்கார்ந்தபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கே. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

தாடையில் மூன்று தையல். வீட்டில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"பொம்பளப் பிள்ள மூஞ்சியில தழும்போட வந்து நிக்கா. நாளைக்கு எவன் வந்து பாப்பான்?"

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "தாடைக்கு அடியிலதான? தெரியாது" என்றார். அதோடு கோர்ட்டுக் கட்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் மாற்றிப் போட்டுக்கொண்டோம். அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. முதல் அரைமணி நேரம் அவரவருடையது, அடுத்த அரைமணி நேரம் மற்றவளுடையது. இரண்டுக்கும் உடம்பு வேறு வேறு மாதிரி இருக்க வேண்டும். என்னுடையதில் பாதம் அகலமாக உட்காரும். பின்பக்கமாக ஓடினாலும் பயம் இல்லை. அடியில் உள்ள நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் உடம்பைச் சாய்த்த பக்கமெல்லாம் திரும்பும். அவளுடையதில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்தால் ரேம்பில் முன்னாலோ பின்னாலோ கவிழ்த்துவிடும். ஒரு காலை முன்னால் விட்டு, மற்றதைப் பின்னால் வைத்தால் மட்டுமே நிற்கும். இதைக் கண்டுபிடித்தவள் அவள். தனக்குத்தானே பேசிக்கொண்டே கண்டுபிடித்தாள். "ஒரு காலு போகட்டும், மத்தது பாத்துட்டு வரட்டும்" என்று முணுமுணுத்தபடி ஏறி இறங்கினாள். அவளுக்கு என்னைவிடச் சீக்கிரமாக வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறும்போது முதல் ஐந்து நிமிஷம் காலுக்கு எதுவும் தெரியாது. கற்றது எல்லாம் போய்விட்ட மாதிரி இருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் ஒருத்தி மற்றவளின் கையைப் பிடித்துக்கொள்வோம். அவள் கை எப்போதும் சில்லென்று இருக்கும்.

என்ன பேசினோம் என்று யோசித்தால் பெரிதாக எதுவும் நினைவில் இல்லை. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி, என் அம்மாவைப் பற்றி, அவள் வாப்பா வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் ஊருக்கு வருவதைப் பற்றி. ஒரு தடவை, "உனக்கு ஹாஸ்டல்ல யாரு கூட்டு?" என்று கேட்டேன். "யாரும் இல்ல. ஞாயித்துக்கிழமைக்கு நீ இருக்கேல்லா, போதும்" என்றாள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், அவள் திருப்பிக் கேட்டிருந்தால். கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒட்டுப்பலகை ஊறி, ஓரங்கள் உப்பிக்கொண்டன. நாங்கள் இருவரும் பழைய சாக்குகளைக் கொண்டு வந்து வளைவுகளைத் துடைப்போம். துடைத்து முடிப்பதற்குள் மணி ஒன்பதாகிவிடும். சக்கரத்தைக் காலில் மாட்டாமலேயே அவள் பர்தாவைப் போட்டுக்கொண்டு போன ஞாயிறுகளும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களிலும் அவள் வராமல் இருந்ததில்லை.

அந்த வருஷம் பொங்கல் விடுமுறையும் நோன்பும் ஒட்டி வந்தன. பெருநாள் முடிந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். பெருநாள் முடிந்தது. ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நின்றுபோகிற பெண்கள் எப்படி நிற்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இவளை அந்தக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. நான்காவது வாரம் ஹாஸ்டலுக்குப் போனேன்.

"அந்தப் பிள்ள பேர வெட்டியாச்சே. வீட்டுலயிருந்து ஒருத்தர் வந்து பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார் வார்டன். பதிவேட்டைப் பார்த்துத் தெருவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மறுவாரம் திடலில் இருந்து நேராகவே, ஸ்கேட் பையோடு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை. காயல்பட்டினத்தில் இறங்கி, தெருமுனைக் கடையில் விசாரித்தேன். அவள் பெயரைச் சொன்னதற்கு, அந்தப் பெயரில் நாலைந்து பேர் உண்டு என்றார்கள்.

"துபாய்ல அண்ணன் இருக்காரு, அந்த வீடு" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "இந்தத் தெருவுல எல்லா வீட்டுக்கும் துபாய்ல ஆளு உண்டும்மா. பொண்ணு என்ன படிக்கி?"

"பாளையங்கோட்டையில படிச்சா. சக்கரம் கட்டி ஓட்டுவா."

"சக்கரமா?" அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி ஒரு பெண் இருப்பது அந்தத் தெருவுக்கே தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, "பாளையங்கோட்டையில படிச்ச பிள்ளன்னா... அடுத்த மாசம் கல்யாணம் வச்சிருக்காங்களே, அந்த வீடா?" என்றார்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

பெண்கள் நடப்பதற்கென்றே வீடுகளுக்கு இடையில் உள்ள சந்து வழியாக ஒரு சின்னப் பெண் என்னைக் கூட்டிப்போனாள். அவளுடைய உம்மா என்னைப் பார்த்ததும் யார், எவர் என்றுகூடக் கேட்கவில்லை. "தாடையில தையல் போட்ட பிள்ளையா நீ?" என்று கேட்டு, உட்கார வைத்து, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டலப்பம் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் உள்ளிருந்து வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடித்தேன். பிறகு மாடிக்குக் கூட்டிப்போனாள்.

"ஒரு கடிதாசி போட்டிருக்கலாம்லா?" என்றேன்.

"போட்டா நீ வந்துருவே."

"இப்ப மட்டும் வரலையா?"

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "மாப்பிள்ளைக்கு சார்ஜாவுல வேல. எங்க ஊருல மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வரணும். அதனால நான் எங்கயும் போகல. இங்கனதான் இருப்பேன்."

"படிப்பு?"

"அது முடிஞ்சுது." சுவரில் காய்ந்திருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டே, "யாரும் அடிச்சுப் பிடிச்சு நிறுத்தல. வாப்பா கேட்டாங்க, சரின்னுட்டேன். சரின்னு சொல்லும்போது ரேம்ப் ஞாபகம் வரல. அப்புறமாத்தான் வந்துது" என்றாள்.

அவள் வெளிநாட்டுக்குப் போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும் என்று தோன்றியது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருப்பாள், ஆனால் வரமாட்டாள்.

அவள் கீழே போய்த் தன் பையை எடுத்துவந்தாள். என் பையைத் திறந்து என்னுடையதை வெளியே எடுத்தாள். "இத எனக்குத் தா. அத நீ எடுத்துக்க. மாடிக்கு இது போதும். ரேம்புக்கு அதுதான் வேணும்."

"உங்க காக்கா வாங்கித் தந்ததுட்டி."

"காக்காவுக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

அவள் என்னுடையதையும் நான் அவளுடையதையும் மாட்டிக்கொண்டோம். அந்த முப்பது அடிக்குள் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. இப்போது அவளுக்குத் திரும்பத் தெரியும். சுவருக்கு ஒரு சாண் தள்ளியே அழகாக வளைந்தாள். கீழேயிருந்து உம்மாவின் குரல் கேட்டது. "பைய ஓட்டுங்க பிள்ளைகளா, கீழ இடி இடிக்கிறாப்புல இருக்கு!"

மாலை மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வந்தது. அன்று எனக்குப் பரீட்சை இருந்தது.

அதன் பிறகு ஒரு வருஷம் போல நான் தனியாகவே ஓட்டினேன். மாற்றிப் போட இன்னொரு ஜோடி இல்லாததால் காலுக்கு அது மட்டுமே பழகிப்போயிற்று. அந்த வருஷம்தான் மாவட்டத் தேர்வுப் போட்டியில் ஒரே வரிசைச் சக்கரத்துக்கு, அதாவது இன்லைனுக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். ரேம்பும் உண்டு. சார் என் பெயரைக் கொடுத்துவிட்டார். போய்ப் பார்த்தால் பெண்கள் பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது.

"நான் ஒருத்திதான் சார் இருக்கேன். ஓட்டித்தான் ஆகணுமா?" என்று கேட்டேன்.

"ஓட்டலேன்னா முதலிடம் போட முடியாதும்மா. பேருக்கு ரெண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டிரு" என்றார் சார்.

மதியச் சாப்பாட்டு நேரம். நடுவர்கள் மூன்று பேரும் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். பிள்ளைகள் வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்கள். நான் ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். பலகையில் சக்கரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பேருக்கு ஓட்டவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஓட்டினேன். பின்பக்கமாக இறங்குவது அதுவரை இரண்டு தடவைதான் ஒழுங்காக வந்திருந்தது. அன்று அதையும் செய்தேன், வந்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன். ஒரு நடுவர் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாநிலப் போட்டிக்குச் சென்னைக்குப் போக வேண்டும். வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது, அப்பாவுக்கு லீவு இல்லை. யாரும் எதிர்பாராத விதமாக அம்மா, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். புளியோதரை கட்டி எடுத்துக்கொண்டாள். எழும்பூரில் இறங்கிய பிறகும் அவளுக்கு என் ஸ்கேட் பையை என் கையில் கொடுக்க மனம் இல்லை. தானே தூக்கி வந்தாள்.

அங்கே ஏழு பெண்கள். எல்லோரும் தலைக்கவசமும் முழங்கால் உறையுமாக இருந்தார்கள். ரேம்ப் எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண் சிநேகமாகப் பேசினாள்.

"உங்க ஊர்ல யார்கூட பிராக்டீஸ் பண்றே?"

"யாரும் இல்ல" என்றேன்.

அந்த நேரத்தில் அது உண்மைதான். ஆனால் ஒருத்தி இருந்தாள் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த யோசனையோடுதான் ரேம்பில் ஏறினேன். விழவில்லை. பின்பக்கமாக இறங்கவும் துணியவில்லை. ஐந்தாவது இடம் கிடைத்தது.

திரும்பும் ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மதுரை தாண்டிய பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தக் காயல் பிள்ள இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், என்ன?"

அவளைப் பற்றி நான் வீட்டில் எதுவும் பேசியதில்லை. தையல் போட்ட அன்றைக்குச் சொன்னதோடு சரி. காயலுக்குப் போய்வந்ததையும் சொல்லவில்லை. ஸ்கேட் மாறியிருப்பதை அம்மா பார்த்திருப்பாள் போல. "ஆமா" என்று மட்டும் சொன்னேன். அம்மா மிச்சமிருந்த புளியோதரையை எடுத்து என் கையில் வைத்தாள்.

டிகிரி முடித்த பிறகு வண்ணார்பேட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமையும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் ஒரு வாரம் போகவில்லை, பிறகு அடுத்த வாரமும். நானும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ரேம்பின் பலகைகள் இற்றுப்போய்ப் பிரித்துவிட்டார்கள் என்று சார் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் சொன்னார்.

அதற்கும் சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்கு ஃபோன் வந்தது. அப்பா எடுத்து, "யாரோ பொம்பளப் பிள்ள" என்று என்னிடம் கொடுத்தார்.

"நான்தான்" என்றாள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பின்னால் அது அழுவதும், உம்மா தட்டித் தூங்கவைப்பதும் கேட்டன. காக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அடுத்த வருஷம் வருவார். எல்லாம் வரிசையாகச் சொன்னாள். நான் வேலை, சம்பளம், அப்பாவுக்குச் சர்க்கரை என்று சொன்னேன்.

"இன்னும் ஓட்டுதியா?" என்று கேட்டாள்.

"ஓட்டுதேன். வாரா வாரம் போறேன்" என்றேன். "நீ?"

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

"நானும்தான். சாயங்காலம் வெயில் இறங்கினதும் மாடிக்குப் போயிருவேன்" என்றாள்.

நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னது என்னவென்று தெரியாது. மறுபடியும் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் உம்மா அவளைக் கூப்பிட்டார்கள். "வைக்கட்டுமா?" என்றாள். "சரிட்டி, வை" என்றேன்.